பழைய கணினியும் திறந்து கிடந்த அஞ்சல் பெட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10க்கான ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள், 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, பழைய கணினியை மாற்றினால் மின்னஞ்சலும் பத்திரமாகிவிடும் என்ற பொருளில் உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் கொட்டாஞ்சேனையில் சிறியதோர் அச்சகம் நடத்துபவன். எல்லோரிடமும் புதுக் கணினி வாங்கக் காசு இருப்பதாக நினைத்து எழுதியிருக்கிறார்கள், அது கிடக்கட்டும். அந்த மின்னஞ்சல் விஷயத்தில்தான் எனக்குப் பேச்சு உண்டு.

எங்களிடம் 2016இல் வாங்கிய மூன்று கணினிகள். மூன்றிலும் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் சிப். விண்டோஸ் 11 ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேறு கேட்கும். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் விசாரித்தேன். அந்தச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐப் போட்டு, உரிமம் வாங்காமலே அக்டிவேட்டும் செய்து தரலாம் என்றார்கள். முன்பு 10ஐயும் அப்படித்தான் போட்டுக்கொண்டேன், மறைப்பானேன்! அந்தக் கள்ள அக்டிவேட்டரை ஓட்டுவதற்கு முன் வைரஸ் காவலை நிறுத்த வேண்டும். காவற்காரனை அனுப்பிவிட்டு, யாரென்றே தெரியாதவனை உள்ளே விடும் வேலை அது என்று அப்போது உறைக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பெறாமகள் இரண்டு கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தந்தாள். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு, பிரின்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் வன்தட்டில் கை வைத்தாள். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பில், கடிதம், கணக்கு எல்லாம் லிப்ரே ஒஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஓடுகின்றன. மூன்றாவது கணினியை மட்டும் மாற்ற முடியவில்லை. விண்டோஸில் ஓடும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி எழுத்துருவும் இல்லாமல் எங்கள் கல்யாணக் கார்டு வேலை நடக்காது. அதனால் அதில் பழைய விண்டோஸையே விட்டுவைத்து, இணைய வயரை மட்டும் கழற்றிவிட்டோம்.

இவ்வளவும் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தபோது, பத்து வருட வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "வங்கிக் கணக்கை மாத்திப்போட்டீங்களோ?" என்று கேட்டார். எங்கள் பில்லை அப்படியே இணைத்து, கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றி அவருக்கு மடல் போயிருக்கிறது. அனுப்பிய முகவரி எங்களுடையது போலவே இருந்தது, ஆனால் ஆங்கில 'எல்' (l) வர வேண்டிய இடத்தில் 1 என்ற இலக்கம். அவர் கூப்பிட்டுக் கேட்டதால் பணம் தப்பியது.

எங்கள் பில் அவனுக்கு எப்படிக் கிடைத்தது? சில மாதங்களுக்கு முன் என் மின்னஞ்சல் கணக்கில் யாரோ நுழைந்ததாக அறிவித்தல் வந்து, உடனே கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன். பெறாமகளிடம் சொன்னேன். "பெரியப்பா, பாஸ்வேர்ட் மாத்தினனீங்கள் சரி, ஃபில்டரைப் பாத்தனீங்களோ?" என்றாள். வரும் மடல்களைத் தானாகவே பிரித்து அனுப்பும் விதிகள்தான் ஃபில்டர். அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், 'இன்வொய்ஸ்' (பில்) என்ற சொல் உள்ள ஒவ்வொரு மடலும் முன்பின் தெரியாத முகவரி ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. நுழைந்தவன் வெளியேறுமுன் எழுதிவைத்த விதி. கடவுச்சொல்லை மாற்றினாலும் அது அழியாது. மின்ட் போட்டாலும் அழியாது, புதுக் கணினி வாங்கினாலும் அழியாது. அது இருப்பது நம் மேசையில் அல்ல, அஞ்சல் நிறுவனத்தின் சேவையகத்தில். கணக்கு அமைப்புகளில், கணக்கை மீட்பதற்கென்று நான் கொடுத்திருந்த தொலைபேசி இலக்கமும் எப்போதோ கைவிட்ட சிம்முடையது. இன்று அது யார் கையில் இருக்கிறதோ.

இதெல்லாம் சிறு கடைக்காரனின் அசட்டை என்று நினைக்கலாம். 2023இல் அரசாங்கத்தின் gov.lk மின்னஞ்சல் கட்டமைப்பு, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாகி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மடல்கள் தொலைந்தன. அங்கே சேவையகத்தில் ஓடியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற அஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. அந்தக் காலப்பகுதிக்குத் தனியான பிரதியும் இல்லை. அலுவலர்களின் மேசைகளில் எந்த விண்டோஸ் இருந்தது என்பது அங்கே பொருட்டே அல்ல. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது வந்திருக்கலாம்.

நான் இப்போது செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல் கைத்தொலைபேசிச் செயலிக்கு மாற்றிவிட்டேன், தொலைபேசி தொலைந்தால் நுழைவதற்கான அவசரக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ஃபில்டர், முன்னனுப்பல், உள்நுழைந்த சாதனங்கள் மூன்றையும் பார்க்கிறேன். மடல்களைத் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளில் கணினிக்கு இறக்கி, வெளி வன்தட்டில் பிரதி எடுத்ததும் அதைக் கழற்றிவிடுகிறேன்.

இன்னொன்று. "எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் நேரில் அல்லது தொலைபேசியில் மட்டுமே சொல்வோம்" என்று ஒவ்வொரு பில்லின் அடியிலும் சிவப்பு எழுத்தில் போடுகிறோம். சொந்த அச்சகம்தானே, மை செலவு மட்டும்தான்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.