கன்டெய்னரை பிராசஸ் பாடத்துக்கு மாற்றுங்கள்: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினி அறிவியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், ஆப்பரேட்டிங் சிஸ்டம், கிளவுட் கம்ப்யூட்டிங் தாள்களை நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

வகுப்பறைகளில் திரும்பத் திரும்ப வரையப்படும் ஒரு படத்தைப் பற்றியது இந்த மடல். இடப்பக்கம் மெய்நிகர் இயந்திரம், அதாவது வி.எம். (கணினிக்குள் மென்பொருளால் உருவாகும் இன்னொரு கணினி): அடியில் ஹார்டுவேர், அதன்மேல் வி.எம்.களை ஓட்டும் ஹைப்பர்வைசர், அதன்மேல் தனித்தனி ஓ.எஸ்.களோடு மூன்று பெட்டிகள். வலப்பக்கம் கன்டெய்னர் (மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டப்படும் நிரல்): ஹார்டுவேர், ஓ.எஸ்., அதன்மேல் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் ‘டாக்கர் எஞ்சின்’ என்று ஒரு பட்டை, பட்டையின்மேல் மூன்று சிறிய பெட்டிகள். இந்தப் படத்தைப் பார்க்கும் மாணவர், ஹைப்பர்வைசர் இருந்த இடத்தில் டாக்கர் உட்கார்ந்திருக்கிறது, கன்டெய்னர் என்பது எடை குறைந்த வி.எம். என்று எழுதிவைத்துக்கொள்கிறார். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. வேலைக்கு வந்து முதல் சிக்கலைத் தொட்டதும்தான் தடுமாற்றம் தொடங்குகிறது.

அந்தப் பட்டை அங்கே இல்லை. கன்டெய்னருக்குள் ஓடும் நிரலின் சிஸ்டம் கால் (ஓ.எஸ்.ஸிடம் நிரல் வைக்கும் கோரிக்கை) ஒவ்வொன்றும் நேராக ஹோஸ்ட் கெர்னலுக்கே, அதாவது அதை ஓட்டும் கணினியின் ஓ.எஸ். மையத்துக்கே, போகிறது. டாக்கர் நடுவில் நிற்பதில்லை. நிரலின் பார்வையைப் பிரிக்கும் நேம்ஸ்பேஸ்களை அமைத்து, வரம்பு வகுக்கும் சி-குரூப்பில் சேர்த்து, ரூட் கோப்பகத்தை மாற்றி, நிரலைத் தொடங்கிவைப்பதோடு அந்தப் பாதையில் அதன் வேலை முடிந்தது. ‘லைவ் ரீஸ்டோர்’ அமைப்பை இயக்கிவிட்டு டாக்கர் டீமனை (பின்னணியில் ஓடும் டாக்கர் சேவையை) நிறுத்திப் பாருங்கள். கன்டெய்னர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஹைப்பர்வைசரை நிறுத்திவிட்டு வி.எம்.மை ஓட்ட முடியுமா?

வி.எம்.மின் எல்லையை பிராசஸரே வகுக்கிறது. இன்டெலின் விடி-எக்ஸ், ஏ.எம்.டி.யின் ஏ.எம்.டி-வி போன்ற வசதிகள் இதற்காக வந்தவை. லினக்ஸில் இவற்றைப் பயன்படுத்தும் கே.வி.எம். 2007 பிப்ரவரியில் 2.6.20 பதிப்போடு கெர்னலில் சேர்ந்தது. உள்ளே முழுக் கெர்னல் ஒன்று பூட் ஆகிறது. அதற்குத் தனி ஷெட்யூலர், தனி நினைவக மேலாண்மை, தனி டிரைவர்கள். கன்டெய்னருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. லினக்ஸ் கெர்னலுக்குள் ‘கன்டெய்னர்’ என்ற பொருளே இல்லை, இருப்பதெல்லாம் பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்தான். அது எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் வரையறுக்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்பதை சி-குரூப் வரையறுக்கிறது. மவுன்ட் நேம்ஸ்பேஸ் 2002இல் வந்தது, சி-குரூப் 2008இல், யூசர் நேம்ஸ்பேஸ் முழுமையடைந்தது 2013 பிப்ரவரியில். அடுத்த மாதம் டாக்கர் அறிமுகமானபோது இந்த உறுப்புகள் எல்லாம் கெர்னலில் ஏற்கெனவே இருந்தன.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: கன்டெய்னரை மெய்நிகராக்க அலகிலிருந்து எடுத்து, ஆப்பரேட்டிங் சிஸ்டம் தாளில் ஃபோர்க், சிக்னல் நடத்தும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அதற்கான ஆய்வகப் பயிற்சியையும் இங்கேயே தருகிறோம். இரண்டு மணி நேரம் போதும்.

ஆய்வகக் கணினிகளில் விண்டோஸ் இருந்தால் முதலில் ஒரு கண்ணி காத்திருக்கிறது. டாக்கர் டெஸ்க்டாப்பை அதன் வழக்கமான அமைப்பில் நிறுவினால் அது விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். 2 வழியாக ஒரு லினக்ஸ் வி.எம்.மைத் தானே ஓட்டும். கன்டெய்னருக்குள் ‘யூநேம் -ஆர்’ அடிக்கும் மாணவருக்கு ஒரு லினக்ஸ் கெர்னலின் பதிப்பு வரும். ‘வெளியே விண்டோஸ், உள்ளே லினக்ஸ், ஆக கன்டெய்னருக்குத் தனிக் கெர்னல் உண்டு’ என்று அவர் முடிவுகட்டுவதில் தவறே இல்லை; கண்ணால் பார்த்தது அதைத்தானே சொல்கிறது? எனவே டாக்கர் டெஸ்க்டாப் வேண்டாம். 2 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. வட்டும் கொடுத்து ஒரு உபுண்டு சர்வர் வி.எம். உருவாக்கி, அதற்குள் டாக்கரை நிறுவச் சொல்லுங்கள். வி.எம்., கன்டெய்னர் இரண்டும் ஒரே திரையில் கிடைத்துவிடும். பயாஸில் விடி-எக்ஸ் அணைந்திருந்தால் 64 பிட் வி.எம். தொடங்க மறுக்கும். இதையும் பாடமாக்கலாம்: நேரடியாக லினக்ஸ் நிறுவிய கணினியில் விடி-எக்ஸ் அணைந்திருந்தாலும் கன்டெய்னர் குறையில்லாமல் ஓடும். அதற்கு அந்த வசதி தேவையே இல்லை.

முதல் பயிற்சி: கன்டெய்னர் ஒன்றில் ‘ஸ்லீப் 1000’ (1000 நொடி சும்மா காத்திருக்கும் கட்டளை) மட்டும் ஓடட்டும். உள்ளே பார்த்தால் அதன் பி.ஐ.டி. (பிராசஸ் எண்) 1. உபுண்டுவில் இன்னொரு டெர்மினலில் ‘பி.எஸ். -இ’ அடித்தால் அதே ஸ்லீப், வேறொரு எண்ணோடு பட்டியலில் நிற்கும். அந்த எண்ணுக்குரிய ‘ப்ராக்’ கோப்பகத்தில் ‘என்.எஸ்.’ என்பதைத் திறந்து, தங்கள் ஷெல்லின் எண்களோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எந்தெந்த நேம்ஸ்பேஸ் பிரிந்திருக்கிறது, எது பொதுவாக இருக்கிறது என்று எண்களே காட்டும். பிறகு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஸ்லீப்பைத் தேடட்டும். கிடைக்காது. அங்கே வி.எம்.மின் பிராசஸ் மட்டும்தான் தெரியும்.

இப்போது அந்த ஸ்லீப்பை ‘டாக்கர் ஸ்டாப்’ கொண்டு நிறுத்தினால் சரியாக 10 நொடி இழுக்கும். பி.ஐ.டி. 1 ஆக இருக்கும் பிராசஸ் தனக்கென ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் நிரல்பகுதி) வைக்காவிட்டால், ‘முடித்துக்கொள்’ என்னும் சிக்னலான சிக்டெர்மின் இயல்புநிலைச் செயலை கெர்னல் அதன்மேல் செலுத்தாது. 10 நொடி காத்திருந்து டாக்கர், தடுக்க முடியாத சிக்கில் சிக்னலை அனுப்புகிறது. பி.ஐ.டி. 1 ஆக வேறொரு சிறு நிரலை வைக்கும் ‘இனிட்’ தெரிவைச் சேர்த்து ஓட்டினால் உடனே நிற்கும். சிக்னல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது பயிற்சி நினைவகம். 64 எம்.பி. வரம்போடு ஒரு கன்டெய்னர் தொடங்கி உள்ளே நினைவக அளவைச் சொல்லும் ‘ஃப்ரீ’ அடித்தால் 64 எம்.பி. காட்டாது, உபுண்டுவின் ஏறத்தாழ 2 ஜி.பி.யையும் காட்டும். அந்த எண் ஹோஸ்டின் கணக்கிலிருந்து வருகிறது, சி-குரூப் வரம்பு அதில் தெரிவதில்லை. பழைய ஜாவா 8 பதிப்புகள் இந்த எண்ணை நம்பி ஹீப்பை (தன் நினைவகப் பகுதியை) பெரிதாக ஒதுக்கிக்கொண்டு செத்து விழுந்தன. 8யூ191 முதல் ஜாவா 8 சி-குரூப்பை இயல்பாகவே பார்க்கத் தொடங்கியது. அடுத்து, உள்ளே 100 எம்.பி. பிடிக்கும் ஒரு சிறு நிரலை ஓட்டச் சொல்லுங்கள். ஹோஸ்டில் ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய இடம்) இருந்தால் நிரல் சாகாமல் தப்பிவிடக்கூடும். நினைவக வரம்பை மட்டும் கொடுத்தால் அதே அளவு ஸ்வாப்பையும் டாக்கர் அனுமதிக்கிறது, மொத்தம் 128 எம்.பி. ஆகிவிடும். ‘மெமரி-ஸ்வாப்’ தெரிவுக்கும் 64 கொடுத்தால் வெளியேறும் குறியீடு 137 வரும். 128 கூட்டல் 9. அந்த 9 சிக்கில். வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவர்கள் சந்திக்கப்போகும் எண் இது.

மூன்றாவது, கடிகாரம். கன்டெய்னருக்குள் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நின்று தேதியை மாற்ற முயன்றால் அனுமதி இல்லை என்று வரும். ரூட்டின் அதிகாரங்களில் 14 கேப்பபிலிட்டிகளை மட்டுமே டாக்கர் இயல்பாக விட்டுவைக்கிறது. நேரத்தை மாற்றுவது அதில் இல்லை. அந்த அதிகாரத்தைக் கையில் கொடுத்தால் மாறுவது ஹோஸ்டின் கடிகாரம். 2020இல் வந்த டைம் நேம்ஸ்பேஸ்கூட சுவர்க் கடிகாரத்தைப் பிரிப்பதில்லை. வி.எம்.மில், நேர ஒத்திசைவை நிறுத்திவிட்டால், தேதியை இஷ்டத்துக்கு மாற்றலாம். வெளியே ஒன்றும் ஆகாது.

‘வி.எம். தொடங்க நிமிடங்கள், கன்டெய்னருக்கு நொடிகள்’ என்ற ஒப்பீட்டு அட்டவணையைத் தயவுசெய்து வரையறையாக வைக்காதீர்கள். 2018இல் அமேசான் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், ஒரு முழு மைக்ரோ வி.எம்.மை 125 மில்லிநொடிக்குள் தொடங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் கூடுதல் நினைவகச் செலவு 5 எம்.பி.க்கும் குறைவு. வேகம் விளைவுதான். கெர்னல் ஒன்றா இரண்டா என்பதே வேறுபாடு.

பாதுகாப்பும் இங்கிருந்துதான் கிளைக்கிறது. 2016இல் வெளிப்பட்ட ‘டர்ட்டி கவ்’ கெர்னலின் ஓட்டை. கன்டெய்னரின் இமேஜை (அது தொடங்கப் பயன்படும் கோப்புத் தொகுப்பை) எத்தனை முறை புதுப்பித்தாலும் அடைபடாது, ஹோஸ்ட் கெர்னலை மாற்றியே ஆகவேண்டும். மாறாக இமேஜுக்குள் பழைய ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) கிடந்தால் ஹோஸ்டைப் புதுப்பித்துப் பயனில்லை. வி.எம். எல்லையும் உடையாத ஒன்றல்ல: 2015இல் ‘வெனம்’ ஓட்டை, வி.எம்.களை ஓட்டும் மென்பொருளான கியூஎமுவின் ஃப்ளாப்பி கன்ட்ரோலர் வழியே வந்தது. ஆனால் தாக்குபவருக்குத் தெரியும் பரப்பு வேறு: ஒன்றில் நூற்றுக்கணக்கான சிஸ்டம் கால்கள், மற்றொன்றில் சில மெய்நிகர் சாதனங்கள். ஒருவரையொருவர் நம்பாத வாடிக்கையாளர்களின் நிரல்களை வெறும் கன்டெய்னர்களாக ஒரே கெர்னலில் ஓட்டக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். ஆய்வகத்துக்கும் இது பொருந்தும். மாணவரை ‘டாக்கர்’ குழுவில் சேர்ப்பது அவருக்கு ரூட் கொடுப்பதுதான். ஹோஸ்டின் மொத்த வட்டையும் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்ய அவருக்கு ஒரு வரி போதும். பொது சர்வரில் இதைச் செய்யாதீர்கள், அவரவர் வி.எம்.முக்குள் செய்யட்டும்.

‘கன்டெய்னருக்கும் வி.எம்.முக்கும் ஐந்து வேறுபாடுகள் தருக’ என்ற கேள்வியை வரும் பருவத்திலேயே எடுத்துவிட்டு இதைக் கேட்டுப் பாருங்கள்: ‘64 எம்.பி. வரம்புள்ள கன்டெய்னருக்குள் ஃப்ரீ கட்டளை ஏறத்தாழ 2 ஜி.பி. காட்டுகிறது, அதே கட்டளை 1 ஜி.பி. வி.எம்.முக்குள் 1 ஜி.பி.க்குச் சற்றுக் குறைவாகக் காட்டுகிறது. ஏன்?’

இப்படிக்கு,
சர்வர்களைப் பராமரிக்கும் பொறியாளர்கள் சிலர்