நைஃபுக்கு முன்னால் ஒரு கே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

இங்கிலாந்தில் நீ இருக்கும் யார்க்கில் தெருவுக்கெல்லாம் 'கேட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள், ஒரு கேட்டையும் காணோம் என்று போனில் சிரித்தாயே, அப்போது எனக்கு உன் பழைய கேள்வி ஒன்று ஞாபகம் வந்தது. மூன்றாம் வகுப்பில் நீ கேட்டது: "நைஃபுக்கு முன்னால் எதுக்குப்பா கே?" நான் இங்கிலீஷ் வாத்தியார். "அது சைலண்ட், மனப்பாடம் பண்ணு" என்று உன் வாயை அடைத்துவிட்டேன். உண்மையில் எனக்கே அப்போது தெரியாது. ரிட்டயர் ஆன பிறகு உட்கார்ந்து படித்ததில்தான் விடை கிடைத்தது.

ரோமானியர்கள் 410 வாக்கில் பிரிட்டனைக் கைவிட்டுப் போனார்கள். அதன் பின் வடகடலைத் தாண்டி ஆங்கில்கள், சாக்சன்கள், ஜூட்கள் வந்து குடியேறினார்கள். இன்றைய டென்மார்க், வட ஜெர்மனிப் பக்கத்துக்காரர்கள். அவர்கள் பேச்சுதான் ஆங்கிலத்துக்கு வேர். முன்பே அங்கிருந்தவர்களை 'அந்நியர்' என்ற பொருளில் அழைத்தார்கள். வெல்ஷ் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. வந்தவன் இருந்தவனை அந்நியன் என்கிறான், பார்த்தாயா!

அப்புறம் வைக்கிங்குகள், டென்மார்க், நார்வே பக்கத்துக் கடலோடிகள். 866இல் நீ இப்போது இருக்கும் ஊரையே பிடித்தார்கள். ரோமானியர் காலத்தில் எபொராகும், சாக்சன் வாயில் எயொஃபர்விக், வைக்கிங் வாயில் யோர்விக், தேய்ந்து தேய்ந்து யார்க். அவர்கள் மொழியில் 'காட்டா' என்றால் தெரு. உன் காப்பர்கேட், ஸ்டோன்கேட் எல்லாம் அந்தக் காட்டாதான். காப்பர்கேட்டில் செம்பும் இல்லை, அது மரக்கிண்ணம் கடைபவர்களின் தெரு. நிஜக் கோட்டை வாசலை அங்கே 'பார்' என்கிறார்கள், அங்கே போய் ஜூஸ் கேட்காதே.

நைஃபும் அவர்கள் கொண்டுவந்த சொல்தான். ஸ்கை, எக், விண்டோ, ஹஸ்பெண்ட் என்று பட்டியல் நீளும். எனக்கு ஆச்சரியம் 'தே' என்ற சொல்தான். பொருள்களின் பேரைக் கடன் வாங்குவது சகஜம், 'அவர்கள்' என்பதையே கடன் வாங்குவது லேசில் நடக்காது. அடுத்தடுத்த வீட்டில் இருந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்தால்தான் மொழி அவ்வளவு கலக்கும்.

1066இல் நார்மன்கள் வந்து பிரெஞ்சைக் கொண்டுவந்த கதை உனக்குத் தெரியும். தொழுவத்தில் இருந்தால் ஆங்கிலக் கௌ, தட்டுக்கு வந்தால் பிரெஞ்சு பீஃப். அதை விடு.

சரி, அந்த 'கே' எழுத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் அதை உச்சரித்தார்கள். 'க்னீஃப்' மாதிரி. நைட் என்ற வீரன்கூட 'க்னிஹ்ட்'தான். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடம் வைத்தார். எந்த ஊர் ஆங்கிலத்தில் அச்சடிப்பது என்பதே அவருக்குத் தலைவலி. வியாபாரி ஒருவன் தேம்ஸ் பக்கம் ஒரு வீட்டில் 'எக்ஸ்', அதாவது முட்டை, கேட்டானாம். வீட்டுக்காரி "எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்றாளாம். அவனுக்கும் பிரெஞ்சு தெரியாது, கோபம் வந்துவிட்டது. இன்னொருவன் 'ஐரென்' என்று கேட்ட பிறகுதான் முட்டை கிடைக்கும் என்று ஆனது. ஐரென் பழைய சாக்சன் சொல், எக் வைக்கிங் சொல். காக்ஸ்டனே ஒரு முன்னுரையில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்தது. பேச்சு நிற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் 'க்' நாக்கிலிருந்து கழன்றது, தாளில் ஒட்டிக்கொண்டது. நாமும் 'வந்துகொண்டிருக்கிறான்' என்று எழுதி 'வந்துட்டிருக்கான்' என்றுதானே சொல்கிறோம்.

உன் ஆபீசில் டென்மார்க் பெண் ஒருத்தி இருப்பதாகச் சொன்னாயே. கத்திக்கு அவர்கள் மொழியில் என்ன என்று கேட்டு, அவள் சொல்வதை வாய்ஸ் மெசேஜில் அனுப்பு. அங்கே 'க்' இன்னும் போகவில்லை. ஒரு தடவை என் காதால் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா