ராஜாவாக இருக்க விரும்பாத பாரி ஜானுக்கு

அன்புள்ள பாரி ஜான் அவர்களுக்கு,

இன்று பிப்ரவரி 4. 2024-இல் நீங்கள் காலமான நாள். ரசிகர்கள் 'ராஜா' என்றே அழைத்த வேல்ஸ் ரக்பி வீரர் நீங்கள். உங்கள் ஆட்டத்தை நேரில் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, பழைய படங்களில்தான் பார்த்தேன். ஆனால் மனதில் ஓடிக்கொண்டே இருப்பது எந்தப் படத்திலும் இல்லாத ஒன்று. வடக்கு வேல்ஸில், ரில் ஊரில் ஒரு வங்கித் திறப்பு விழா. ஒரு பெண் உங்களைப் பார்த்ததும், ராணிக்குச் செய்வதுபோல முழங்காலை மடக்கி வணங்கிவிட்டாள். கெவ்னைத்தின் என்ற சுரங்கக் கிராமத்துப் பையன் நீங்கள். இது சரியில்லை என்று அப்போதே உங்களுக்குப் பட்டுவிட்டது.

அந்த வணக்கத்துக்காக ரசிகர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அவள்தான் என்ன செய்வாள்? 1971-இல் நியூசிலாந்தில், பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணி நான்கு டெஸ்டிலும் சேர்த்து எடுத்த 48 புள்ளிகளில் 30 உங்களுடையது. டனீடினில் முதல் டெஸ்ட்டில் நியூசிலாந்து வீரர் ஃபெர்கி மெக்கார்மிக்கை என்ன பாடு படுத்தினீர்கள்! நீங்கள் உதைக்கும் பந்து அவர் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து விழும். இந்தப் பக்கம் ஓடுவார், அடுத்த பந்து அந்தப் பக்கம். அதற்கப்புறம் அவரை நியூசிலாந்து அணியில் எடுக்கவே இல்லை. நீங்களோ மாலையில் காற்று வாங்க வந்தவர் மாதிரி நிதானமாகத் திரும்பி நடக்கிறீர்கள். இதைப் பார்த்தவர்கள் வணங்காமல் எப்படி இருப்பார்கள்?

அந்தக் காலத்தில் ரக்பிக்குச் சம்பளமும் கிடையாது. பிழைப்புக்கு வேலையும் பார்க்க வேண்டும், போகிற இடமெல்லாம் கூட்டத்துக்கு முகமும் கொடுக்க வேண்டும். நீங்கள் ஆட்டத்தை விட்டே விலகியது நியாயம்தான்.

நியாயம்தான், ஆனால் மனசு ஒப்பவில்லை. 27 வயது ஒரு வயதா? 1972-இல் நீங்கள் விலகினீர்கள், அதே ஆண்டு டிசம்பரில் நியூசிலாந்து வேல்ஸோடு ஆட கார்டிஃபுக்கு வந்தது. 19-16. மூன்றே புள்ளியில் தோற்றோம். நீங்கள் இருந்திருந்தால்... வேண்டாம், பொதுவில் எழுதும்போது அதை முடிக்கக் கூடாது. உங்கள் 10-ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்ட பில் பென்னட்டை நேசித்தவர்களும் இதைப் படிப்பார்கள். அவர் சாதித்தது கொஞ்சநஞ்சமல்ல.

நீங்கள் எங்களுக்கு ஒன்றும் கடன்படவில்லை. அது தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்: ஒருத்தி வணங்கியது உறுத்தியது, சரி. வணங்காமல் உங்கள் ஆட்டத்தை மட்டும் பார்க்க வந்தவர்களும் மைதானத்தில் இருந்தார்களே, அவர்களை ஏன் நினைக்கவில்லை?

அன்புடன்,
உங்கள் ரசிகன்