தலைவலி மாத்திரை என்றீர்களே, மாமா

மாமா,

இந்தத் தையோடு நமக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் முடிகிறது. போன வாரம் போனில், "நீ உன் வழியைப் பார்த்துக்கொள்" என்றீர்கள். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். நான்தான் வைத்தேன். அத்தை பக்கத்து அறையில் இருந்தார்கள், நடுவில் இருப்பது பலகைச் சுவர். அழுதால் கேட்கும்.

அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறாய் என்று கோபம் வரும். உங்கள் பேரும் என் பேரும் இதில் வராது. எந்த வழியாகப் போனீர்கள், இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதையும் எழுத மாட்டேன். 2024 பிப்ரவரியில் இங்கே பர்மாவில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்தபோது 18 முதல் 35 வயது வரை ஆண் பிள்ளை இருந்த எந்த வீட்டில்தான் யாரும் தூங்கினார்கள்? அதோடு விடுகிறேன்.

எனக்கு அந்தக் கல்யாண வீட்டு ராத்திரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. 2023, உங்கள் சித்தப்பா மகளுக்கு. ஆட்டுக்கறி பிரியாணி. நீங்கள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீர்கள், அன்றைக்கு உங்கள் முகம் தெளிவாக இருந்தது. அந்த மாதிரி சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் பூவை எடுத்து மாடத்தில் வைத்தீர்கள். அப்புறம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள். நேரத்தைப் பார்த்தீர்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தீர்கள். திரும்பவும் நேரத்தைப் பார்த்தீர்கள். நடுராத்திரிக்கு மேல் முகமும் கழுத்தும் சிவந்து, மூக்கடைத்து, தலையைப் பிடித்துக்கொண்டீர்கள். நெஞ்சு படபடக்கிறது என்று என் கையை எடுத்து அங்கே வைத்தீர்கள். நான் தைலம் தேய்த்தேன். "தலைவலி, மாத்திரை போட்டிருக்கிறேன்" என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் என் கையை விலக்கிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தவர் விடிகிற வரை வரவில்லை.

காலையில் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் நீல மாத்திரை அட்டை. நான்கில் இரண்டு காலி. எவளுக்காக வாங்கினாய் என்று கத்தினேன். ஆமாம், வாங்கினாய் என்றுதான் கேட்டேன், மரியாதை எல்லாம் போய்விட்டது. அத்தைக்குக் கேட்டது. கீழ்வீட்டுக்கும் கேட்டது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்டையை என் கையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள்.

மன்னித்துவிடுங்கள். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் எனக்கு எப்படித் தெரியும், மாமா? ஒன்றரை வருஷமாக என் பக்கம் திரும்பாத புருஷன் பையில் அந்த மாத்திரை இருந்தால் எந்தப் பெண் வேறென்ன நினைப்பாள்?

நீங்கள் போன பிறகு நான் மருந்துக்கடையில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே என்ன கற்றேன் என்பது தெரியாது. அது சில்டெனாஃபில், வயாகரா என்கிறார்களே அந்த மருந்து. முதலில் நெஞ்சுவலிக்கென்று ஆராய்ந்த மருந்து. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் ஆண்களின் விறைப்புக் குறைக்கு அனுமதி கிடைத்தது. வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நெய்யும் கறியுமாகச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் இன்னும் பிந்தும். நீங்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டீர்கள். வேலை செய்யவில்லை என்று பயந்து இரண்டாவதையும் போட்டிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது. சிவந்த முகம், தலைவலி, மூக்கடைப்பு எல்லாம் அதன் பக்கவிளைவுதான். படபடப்போடு வாழ்கிற மனுஷனுக்கு அது சாவு வருகிற மாதிரி இருந்திருக்கும். அந்தப் படியில் தனியாக உட்கார்ந்து செத்துவிடுவோம் என்று நினைத்தீர்களா? என்னைக் கூப்பிட்டிருக்கலாமே.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த மாத்திரை ஆசையை உண்டாக்காது. ஆசை வந்து, நரம்பு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விட்டால்தான் ரத்தக்குழாய் தளரும். அந்தத் தளர்ச்சி சீக்கிரம் கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் மாத்திரையின் வேலை. பயந்த உடம்பில் அட்ரினலின் ஏறிக் குழாயை இறுக்குகிறது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அதை எதிர்த்து ராத்திரி எட்டு மணிக்குத் தெருவே சட்டியும் தட்டும் தட்டியபோதெல்லாம் நீங்கள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். வண்டிச் சத்தம் கேட்டால் விளக்கை அணைப்பீர்கள். அந்த உடம்பு என்னோடு எப்படி நிம்மதியாக இருந்திருக்கும்? தூங்கும்போதும் விடியற்காலையிலும் விறைப்பு சரியாக இருந்தால் ரத்தக்குழாயில் குறை இருக்க வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் மனசுதான் என்கிறார்கள். நம் விஷயத்தில் அது எப்படி என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன், உறவுக்காரர்கள் படிக்கிறார்கள்.

அந்த உறவுக்காரர்கள்தான் என்னை மலடி என்றார்கள். வளைகாப்புகளில் என்னை ஒதுக்கி உட்கார வைத்தார்கள். அனோரதா தெருக் காளி கோயிலில் தொட்டில் கட்டினேன், செவ்வாய்க்கிழமை தவறாமல் விரதம் இருந்தேன். நீங்கள் பக்கத்தில் நின்று தேங்காய் உடைத்தீர்கள். தெரிந்தே உடைத்தீர்கள்! "அவள் மேல் குறை இல்லை" என்ற நாலு வார்த்தை அத்தையிடம் சொல்ல உங்களால் முடியவில்லை. கடைக்காரனிடம் கேட்டு மாத்திரை வாங்கத் தெரிந்த வாய்க்கு அது ஏன் வரவில்லை?

சரி. கோபத்தில் எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

பொதுவில் எழுதுவதற்குக் காரணம் கடைக்கு வருகிற பையன்கள். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் பாராசிட்டமால் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து முதலாளியிடம் மெதுவாகக் கேட்பார்கள். கேட்டதும் கொடுத்துவிடுகிற கடைகள் நிறைய. நாங்கள் முதலில் ஒன்று கேட்போம்: நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை உண்டா? அதில் இருக்கிற நைட்ரேட்டோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் ஆமாம் என்று தலையசைத்தார். கொடுக்காமல் அனுப்பினோம். சர்க்கரை இருப்பவர்களையும் டாக்டரிடம்தான் அனுப்புகிறோம், இந்தக் குறை சிலருக்கு இதய நோயின் முன்னறிகுறி. ஒவ்வொரு பையனின் முகத்திலும் உங்களைப் பார்க்கிறேன். யாராவது ஒருத்தன் மனைவி இதைப் படித்துவிட்டுக் கத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்கட்டும்.

பதற்றத்துக்கு அங்கே டாக்டர் செர்ட்ராலின் கொடுத்திருக்கிறார் என்றீர்கள். நல்லது. அந்த மருந்தும் சிலருக்கு இதே தொல்லையைக் கொடுக்கும். கொடுத்தால் அதை உங்கள் ஆண்மையின் முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாத்திரையோடு பேச்சுச் சிகிச்சையும் கிடைக்குமா என்று கேளுங்கள். தொடுவதும் பக்கத்தில் இருப்பதும் மட்டும் போதும், வேறெதுவும் நடக்க வேண்டியதில்லை என்று தம்பதிகளுக்குச் சில வாரம் பயிற்சி கொடுப்பார்களாம். எனக்கு அது போதும் என்று அப்போதே சொல்லியிருப்பேன்.

என் வழியைப் பார்த்துவிட்டேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எப்போது வரும் என்று கேட்காதீர்கள். அத்தையிடம் நேற்றுச் சொன்னேன், உங்கள் விஷயத்தை அல்ல, என் மேல் குறை இல்லை என்பதை மட்டும். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தார்கள்.

அட்டையில் மீதியிருந்த இரண்டும் தேதி முடிந்துவிட்டன. நேற்றுதான் போட்டேன் குப்பையில். இந்த வாரம் நம் தெருவுக்குக் காலை 9 முதல் 1 வரை கரண்ட். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் கூப்பிடுங்கள். மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறேன்.