டீயோடு போடலாமா என்று கேட்டால்: மருந்தாளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக்கடையில் நின்று பதில் சொல்லும் மருந்தாளுநர்களுக்கு வணக்கம்.

"இந்த வலி மாத்திரையை டீ குடிச்சுட்டுப் போடலாமா?" இது உங்கள் காதில் தினமும் விழும் கேள்வி. "போடலாம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் சீட்டை வாங்குகிறீர்கள். பாராசிட்டமால் என்றால் அந்தப் பதில் சரிதான். அதற்கும் டீக்கும் பகை இல்லை. வலி இன்னும் கொஞ்சம் குறையட்டும் என்று 500 மி.கி. பாராசிட்டமாலோடு 65 மி.கி. கஃபீன் சேர்த்தே சில மாத்திரைகள் வருகின்றன. ஒரு கப் டீயில் இருப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

கேட்டவர் கையில் இருப்பது இபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ என்றால்?

என் அம்மா மூட்டுவலிக்கு அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்ததும் ஒரு கப் டீ, கடைசி வாய் டீயோடு ஒரு மாத்திரை. டீ உள்ளே போய்விட்டதே, இனி வெறும் வயிறு இல்லை என்பது அவர் கணக்கு. இப்படியே பல வாரம். ஒருநாள் மலம் தார் மாதிரி கருப்பாகப் போயிருக்கிறது. சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு நாள் மறைத்துவிட்டார். இரைப்பையில் புண், ரத்தக் கசிவு.

டீயை நான் குற்றம் சொல்லவில்லை. இந்த வகை மாத்திரை வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுக்கிறது. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதே பொருள்தான். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகும் இந்த வேலையைச் செய்வதால், சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் குறையலாமே தவிர புண் வராது என்று சொல்ல முடியாது. வயதானவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், முன்பே புண் வந்தவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டியது எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்றுதான்.

தலைவலிக்கு வாங்குபவரிடமும் இதையே கேளுங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கஃபீன் கலந்ததை 10 நாளோ அதற்கு மேலோ என்று மாதக்கணக்கில் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். தினமும் டீ குடிப்பவர் திடீரென்று நிறுத்தினாலும் தலை வலிக்கும். அவருக்குத் தேவை மாத்திரை இல்லை, டீயை மெல்லமெல்லக் குறைப்பது. சளிக்கு வாங்கும் பொடியிலும் பாராசிட்டமால் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக்கூடாது, கல்லீரல் தாங்காது.

சூடான டீயோடு கேப்ஸ்யூல் விழுங்கினால் அதன் ஓடு இளகித் தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளலாம். ஒரு டம்ளர் தண்ணீர் போதும், விழுங்கியதும் படுக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

டீ உண்மையிலேயே கெடுப்பது இரும்புச்சத்து மாத்திரையை. அதற்கும் டீக்கும் நடுவே ஓரிரு மணி நேரம் இருக்கட்டும். அப்புறம் ஒன்று: இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும் என்பதால் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலி மாத்திரை போடுபவருக்கு மலம் தார் போலப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களிடம் மாத்திரை வாங்கும் ஒருத்தி