சிம்பல் உடைந்தால் பையன்களைத் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகைகளும் பள்ளி ஆண்டு விழாக்களும் நெருங்குவதால் இதை எழுதுகிறேன். டிரம்ஸ் செட்டின் சிம்பலில், அதாவது ஸ்டாண்டில் மாட்டிக் குச்சியால் அடிக்கும் உலோகத் தட்டில், விரிசல் விழுந்தால், "கண்மண் தெரியாமல் அடித்து உடைத்துவிட்டான்" என்று வாசித்த பையன் மேல்தான் பழி விழுகிறது. அண்மையில் ஓர் ஆலயத்தில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பலர் முன்னிலையில் அப்படிக் கடிந்துகொண்டார்கள். அந்தச் சிம்பலை நான் கழற்றிப் பார்த்தேன். குச்சி படும் விளிம்பு சுத்தமாக இருந்தது. நடுத்துளைதான் வட்டம் கெட்டு, சாவித் துவாரம்போல ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது.

சிம்பலின் நடுத்துளை வழியே போகும் ஸ்டாண்டின் கம்பி மரை வெட்டிய இரும்பு. பெரும்பாலும் 8 மி.மீ. அதன்மேல் பிளாஸ்டிக் ஸ்லீவ் (கம்பியை மூடும் சிறு குழாய்) இல்லாவிட்டால், அடிக்கு அடி சிம்பல் ஆடும்போது மரை துளையை அராவிக்கொண்டே இருக்கும். சிம்பல் தன் கனத்த பக்கம் கீழே வரும்படி திரும்பி நின்றுகொள்வதால் தேய்மானமும் ஒரே இடத்தில் விழும். பள்ளம் விழுந்துவிட்டால் கம்பி அதற்குள்ளேயே சிக்கி மேலும் அறுக்கும்.

உயர்ந்த சிம்பல்கள் பலவும் 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். அந்த நாதத்தைத் தருவதும் வெள்ளீயம்தான், உலோகத்தை எளிதில் உடையவைப்பதும் அதுதான். விரிசலைப் பற்றவைக்கலாம் என்று பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சூடு பட்டால் நாதம் போய்விடும்.

ஸ்லீவ் சில்லறைக் காசில் முடிகிற பொருள். உள்ளூர்க் கடையில் கிடைக்காவிட்டால், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபில் கம்பிக்குப் பொருத்தமாக ஒரு துண்டு நறுக்கிச் செருகலாம். சிம்பல் துளைக்குள் அது தாராளமாக நுழைய வேண்டும், அவ்வளவுதான். வெளியூர்க் கச்சேரிகளில் நான் இப்படித்தான் சமாளிக்கிறேன். மாட்டும் வரிசை இது: கீழே வாஷர், அதன்மேல் ஃபெல்ட் (மெத்தென்ற கம்பளி வளையம்), பிறகு சிம்பல், மறுபடி ஃபெல்ட், கடைசியில் விங் நட் (கையால் திருகும் நட்). அந்த நட்டை முறுக்கி இறுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது! விரலால் தட்டினால் சிம்பல் தாராளமாக ஆட வேண்டும். ஆடவிடாமல் பிடித்துவைத்தால் ஒலி அமுங்குவதோடு, அடியின் வேகம் முழுவதையும் உலோகமே தாங்க வேண்டியிருக்கும்.

துளை தேய்ந்து, இன்னும் விரிசல் ஓடாத சிம்பல்களை எறிந்துவிட வேண்டாம். பள்ளத்தின் கூர்முனைகளை வட்ட அரத்தால் மெல்ல மழுக்கி, ஸ்லீவ் போட்டு வாசிக்கலாம்.

பள்ளி நிர்வாகத்தினரும் சபைக் குழுவினரும் புதுச் சிம்பலுக்குப் பணம் ஒதுக்கும் முன் ஸ்டாண்டை ஒருமுறை பார்க்க வேண்டும். கழற்றி மாட்டும்போது முதலில் தொலைவது ஸ்லீவும் ஃபெல்ட்டும்தான். ஒரு டப்பாவில் உபரியாக வாங்கி வையுங்கள். வாடகைக்கு விடும் கடைக்காரர்களும் இவற்றை ஸ்டாண்டோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். மேடையேறும் நேரத்தில் நாங்கள் கேட்டு வாங்கும் நிலையில் வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு டிரம்ஸ் கலைஞர்,
பாளையங்கோட்டை.