பூத்த பிறகு பிடுங்காதீர்கள்: கண்மாய் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் ஞாயிறுதோறும் கண்மாய்க் கரை சுத்தம் செய்கிற, மரக்கன்று நடுகிற தன்னார்வலர்களுக்கு,

வணக்கம். நான் மெடிக்கல் ஷாப் நடத்துகிறவன். மழைக்காலம் முடிகிற சமயத்தில் நீங்கள் கரையில் இறங்கினால், மறுநாள் என் கடையில் அலர்ஜிக்குப் போடுகிற செட்ரிசின் மாத்திரை கூடுதலாகப் போகிறது. வியாபாரத்துக்கு நல்லதுதான், ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்களில் ஒரு தம்பி கார்த்திகையில் வந்தார். "அண்ணே, கம்பளிப்பூச்சி ஏறிடுச்சு போல, ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்றார். இமை இரண்டும் வீங்கியிருந்தன. கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து தடித்திருந்தன. சட்டை மூடிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கம்பளிப்பூச்சி சட்டைப் பொத்தான் பார்த்து ஏறாது. முந்தின நாள் என்ன வேலை என்று கேட்டேன். இடுப்பளவு வளர்ந்து வெள்ளையாகப் பூத்துக் கிடந்த பார்த்தீனியம் என்ற களைச்செடியை வெறும் கையால் பிடுங்கிக் குவித்திருக்கிறார்கள்.

1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்ட இந்தச் செடி இன்று நம் ஊர்க் காலி மனைகளுக்கெல்லாம் பட்டாதாரர். இலையிலும் தண்டிலும் இருக்கிற நுண்ணிய முடியில் பார்த்தீனின் என்ற பொருள் உண்டு. தோலுக்கு ஆகாதது அதுதான். செடி காய்ந்து தூளானால் காற்றிலேயே வந்து முகத்தில் ஒட்டும். பூத்திருந்தால் மகரந்தமும் சேர்ந்து தும்மல், கண் எரிச்சல், இழுப்பு. போதாததற்குப் பூத்த செடியை இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் விதை. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதைக்கும்.

பிடுங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எப்போது பிடுங்குவது என்பதில்தான் என் வழக்கு. முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடுகிற செடி இது. ஆகவே முதல் நல்ல மழை பெய்து மூன்று நான்கு வாரத்தில், மண் ஈரமாக இருக்கும்போதே இறங்குங்கள். வேரோடு வரும், பூ இருக்காது, மட்கவும் வைக்கலாம். கையுறை, முழுக்கைச் சட்டை, மாஸ்க் கட்டாயம். ஏற்கெனவே இளைப்பு உள்ளவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற வேலையைக் கொடுங்கள், களை எடுக்க விடாதீர்கள். பிடுங்கியதை அங்கேயே கொளுத்துகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சீமைக் கருவேலத்துக்கும் இதே பேச்சுதான். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் ஊர் ஊராக வெட்டினார்களே, அப்போது அது தண்ணீரை உறிஞ்சுகிறது என்ற பேச்சுதான் ஓடியது. அதன் மகரந்தம் ராஜஸ்தானிலும் வளைகுடா நாடுகளிலும் மூக்கையும் நுரையீரலையும் படுத்துகிற சங்கதி இங்கே யார் காதிலும் விழவில்லை. மாசி, பங்குனியில் மஞ்சள் கதிர் தொங்கும்போது அதை உலுக்கி வெட்டாதீர்கள்.

நடுகிற கன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீக்கிரம் பச்சை தெரிகிறதே என்று கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரக்கன்றைக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குஜராத் 2023-லும் நம் அரசு 2025-லும் அதை நடக் கூடாது என்று சொல்லியாயிற்று. பொதுவாக, காற்றை நம்பிப் பூக்கிற மரம்தான் மகரந்தத்தை அள்ளி வீசும். வேம்பு, புங்கை மாதிரி தேனீ தேடி வருகிற மரங்களின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, அதிக தூரம் பறக்காது. இந்தக் கணக்குப்படி நம் மல்லிகையும் நிரபராதி. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூவின் மேல் எத்தனை பேர் பழி போடுகிறார்கள்! வாசனை சிலருக்கு மூக்கை உறுத்தும், அது வேறு சங்கதி.

குளிர்நாடுகளில் மகரந்தத்துக்கு வசந்தத்தில் மரம், கோடை தொடக்கத்தில் புல், பிறகு களை என்று வரிசை உண்டு. உறைபனி விழுந்தால் எல்லாம் அடங்கிவிடும். நமக்கு அந்த லீவு கிடையாது. மழை விட்டதும் புல்லும் பார்த்தீனியமும், மார்கழி ஈரத்தில் பூஞ்சை, தையில் வைக்கோல் தூசி, அப்புறம் சீமைக் கருவேலம், ஆடியில் காற்றோடு மண். வருஷம் முழுக்க மெத்தையில் தூசிப் பேன் வேறு. அதனால்தான் "எனக்கு வருஷமெல்லாம் சளிண்ணே" என்று வருகிற பலருக்குத் தனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரிவதில்லை.

காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்தாலும் தெரியாது. அதில் தூசி என்று கணக்கில் வருவது 10 மைக்ரானுக்கு உட்பட்டது. மகரந்தத் துகள்களில் பெரும்பாலானவை அதைவிடப் பெரியவை. போர்டில் 'நன்று' என்று இருக்கும், உங்கள் கண்ணில் தண்ணீர் கொட்டும். சண்டிகரில் ஆய்வாளர்கள் எந்த மாதம் எந்த மகரந்தம் பறக்கும் என்று தங்கள் நகரத்துக்கென்று மகரந்த நாட்காட்டியே போட்டிருக்கிறார்கள். மதுரைக்கு அப்படி ஒன்றை உருவாக்கக் கருவி வேண்டும், ஆள் வேண்டும். ஆனால் எந்தச் செடி எந்த வாரம் பூத்தது என்று எழுதிவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வண்டியூர், மாடக்குளம், செல்லூர் என்று கரை கரையாக அலைகிற உங்களைவிட இதற்குத் தோதான ஆட்கள் யார்? இரண்டு மூன்று வருஷம் எழுதிய நோட்டு கையில் இருந்தால் கல்லூரித் தாவரவியல் துறைக்காரர்களிடம் தைரியமாகப் போய்ப் பேசலாம்.

கடைசியாகக் கடைக்காரனாக இரண்டு வார்த்தை. மூக்கடைப்புக்கு வாங்குகிற சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் போடாதீர்கள், போடப் போட அடைப்பு கூடும். டாக்டர் எழுதுகிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே முழுப் பலன் தர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதனால் உங்களுக்குத் தொந்தரவு வருகிற மாதம் எது என்று தெரிந்தால், அதற்கு முன்பே அவரைப் பாருங்கள். "பம்பு (இன்ஹேலர்) பழகிடும்" என்று பயந்து இழுப்போடு உட்கார்ந்திருக்க வேண்டாம். சிவந்த தோலுக்குப் பக்கத்து வீட்டு ஆயின்மென்ட்டும் வேண்டாம்.

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் "காலை 6 மணி, கடப்பாரை, மண்வெட்டி கொண்டு வரவும்" என்று போடும்போது, கையுறையையும் மாஸ்க்கையும் சேர்த்துப் போடுங்கள். பார்த்தீனியம் பூத்திருந்தால் அன்றைக்கு பிளாஸ்டிக் பொறுக்குகிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மதுரை மெடிக்கல் ஷாப்காரர் ஒருவர்